ஏழாவது இடம்

கடை வாசலைத் தாண்டும் முன்பே சப்-இன்ஸ்பெக்டர் அன்புக்கரசிக்குக் குமட்டியது. எண்ணூரிலேயே பிறந்து வளர்ந்த மூக்கு அது. அதற்கே தாங்கவில்லை.

காலை ஒன்பதரை. மாடியில் இருந்த அந்த வீடியோ கேம் கடையின் நடு மேசைக் கம்ப்யூட்டருக்குள் யாரோ அழுகிய மீன் தண்ணீரை ஊற்றியிருந்தார்கள். மேசை முழுக்கக் கொழகொழவென்று வழிந்து கிடந்தது.

"இன்னா கேவலமான புத்தி பாருங்க மேடம்!" கடைக்காரர் லியோனார்ட் தோளில் கிடந்த துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கன்னத்தில் கறுப்பாக ஒரு கோடு விழுந்தது. "இந்தப் பத்து வருசத்துல வந்த கேம்ல எது பெஸ்ட்டுன்னு ஒரு மாசமா ஓட்டு போட்டாங்கோ. இன்னிக்கு சாயங்காலம் ரிசல்ட்டு. மொத்த ஓட்டும் இந்தக் கம்ப்யூட்டர்லதான் கீது. இனிமே நான் சொல்றதுதான் பட்டியல், வேற வழியில்ல."

"எப்ப பாத்தீங்க?"

"இப்பத்தான். கதவத் தொறந்தேன். நாத்தம். அப்டியே வெளிய ஓடியாந்துட்டேன். ஒண்ணத்தையும் தொடல."

"சந்தேகம்?"

"காலித்து, நம்ம கடைல வேல பாக்குற பையன். நேத்து ராவுல பூட்டிக்கினு போனது அவன்தான். ஊத்திட்டுத்தான் போயிருக்கான். காலைல காசிமேட்டு மீன் ஹார்பர்ல ஐஸ் ஏத்துறவன், மீன் தண்ணிக்கா பஞ்சம்?"

அன்புக்கரசி உட்காரலாம் என்று ஒரு நாற்காலியைத் தொட்டாள். விரல் கறுத்தது. கடல் பக்கத்து ஜன்னலில் கண்ணாடி உடைந்து நாளாகிறது. இரவெல்லாம் துறைமுகத்து நிலக்கரியின் கரித்தூள் உள்ளே வந்து நாற்காலி, டிவி, அலமாரி எல்லாவற்றிலும் படிந்திருந்தது. நடு மேசையில், ஈரம் படாத ஓரத்தைக் கைக்குட்டையால் தேய்த்தாள். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது.

காசிமேட்டிலிருந்து காலித்தை ஒரு கான்ஸ்டபிள் அழைத்து வந்தார். விடியும் முன்னாலிருந்து அங்கே ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தானாம். அவன் முகம் வெளிறிப்போயிருந்தது.

"மேடம், ஹார்பர் வேலைக்குப் போலீஸ் சர்ட்டிபிகேட் கேட்டுக்கீறாங்கோ. உங்க ஸ்டேஷன்லதான் கீது. கேஸ் போட்டீங்கன்னா அவ்ளோதான், என் லைஃபே காலி."

"ஓட்டுல எது முந்திச்சு?"

"'நெருப்புக் கப்பல்'. நான் சொன்ன கேம். லியோனார்ட் அண்ணனோட 'கானல் கோட்டை' நேத்து வரைக்கும் ஏழாவது. அதான் உலகத்துலயே பெஸ்ட்டுன்னு வருசக்கணக்கா வீடியோ போட்டுக்கினு கீறாரு. நேத்து அத்தச் சொல்லி பசங்க அவரக் கலாய்ச்சிட்டாங்கோ. நேத்துகூட நானும் அவரும் ஒரே டிபன் பாக்ஸ்லதான் சாப்ட்டோம் மேடம்."

"காலைல கடையத் தொறந்ததும் மொதல்ல என்ன செய்வே?"

காலித் விழித்தான். "இன்னா மேடம் கேள்வி? தொடைப்பேன். தொடைக்காம இந்த ஊர்ல எதுல கைய வெக்க முடியும்?"

"அதேதான்." அன்புக்கரசி லியோனார்ட் பக்கம் திரும்பினாள். "ராத்திரி ஊத்தியிருந்தா இந்தத் தண்ணி மேல கரி மெதக்கணும். ஒரு பொட்டுகூட இல்ல. ஈரம் படாத ஓரமும் பளிச்சுனு இருக்கு. காலைல யாரோ மேசையத் தொடச்சிட்டு, அப்புறமா ஊத்தியிருக்காங்க. ஒண்ணத்தையும் தொடலன்னீங்களே, தோள்ல இருக்கிற துணி எப்படிக் கறுத்துது? கன்னத்தக் கண்ணாடியில பாருங்க."

லியோனார்டின் கை தானாகக் கன்னத்துக்குப் போனது.

"பழக்க தோஷம் மேடம்," என்றார் மெல்ல. "கை அதுபாட்டுக்குத் தொடச்சிருச்சு."

"நாசம் பண்ண வந்த எடத்துலகூடச் சுத்தமா! கேம்ல ஏழாவது எடம் வந்ததுக்கு ஒருத்தன் பொழப்புல மண்ணப் போடுவியா? சீ!"

அவளுக்கு அருவருப்பில் உடம்பே கூசியது. ஐம்பது வயசு மனுஷன். நேற்றுவரை இந்தப் பையனோடு ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவன்.

"நாளைக்கு ஸ்டேஷனுக்கு வா, சர்ட்டிபிகேட் வாங்கிக்கோ," என்றாள் காலித்திடம். அவன் சுவரோடு சாய்ந்து அழுதான்.

லியோனார்ட் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கான்ஸ்டபிளோடு படியிறங்கினார். மன்னிப்புக் கேட்பார் என்று எல்லோரும் நினைத்தார்கள். பாதிப் படியில் நின்று திரும்பினார்.

"இன்னாதான் சொல்லுங்க மேடம், 'நெருப்புக் கப்பல்' மொத எடத்துக்கு லாயக்கே இல்லாத கேமு."

அன்புக்கரசிக்கு மீன் நாற்றமே தேவலை போலிருந்தது.