மிருதுளாவின் பக்கத்துத் தூசி

லோகித் வீடு பெருக்கும் விசைத்தலை ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், கூடத்துக் கம்பளத்தின் நட்டநடுவில் நின்றுபோனது. ரப்பர் கருகிய வாடை வந்தது. அவர் குழாயைச் சுவரிலிருந்து பிடுங்கி, தலையைக் கவிழ்த்துப் பார்த்தார். உள்ளே இருந்த உருளைத் தூரிகை அசைய மாட்டேன் என்றது. தட்டினார், உலுக்கினார். கடைசியில் அதன் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

பெருக்குகிற சாமான் பழுதானதற்கு இப்படியா ஒரு மனுஷன் இடிந்துபோவது என்று உங்களுக்குத் தோன்றும். விஷயம் தெரிந்தால் நீங்களும் உட்கார்ந்துவிடுவீர்கள். லோகித் என்பது அறுபது தாண்டியவரின் பெயரா என்றும் கேட்காதீர்கள். அந்தக் காலத்தில் கிழவர்கள் பெயரெல்லாம் அப்படித்தான் இருந்தது.

அவர் குடியிருந்தது தூத்துக்குடிக் கடலோரத்துச் சிப்பிக் கோபுரத்தில். வெளியே காற்றாலைகள் ஓயாமல் உறுமும். சத்தம் அடங்கட்டும் என்று எல்லா வீட்டிலும் சுவரோடு சுவராகத் தடித்த கம்பளம் ஒட்டியிருந்தார்கள். கம்பளத்தைப் பெருக்குமாற்றால் பெருக்க முடியுமா? அதனால் கோபுரத்தின் அடித்தளத்தில் ஒரே ஒரு ராட்சத மைய உறிஞ்சி. வீட்டுக்கு வீடு சுவரில் உறிஞ்சுவாய்கள். குழாயை அதில் செருகி, மறுமுனையில் விசைத்தலையை மாட்டி ஓட்டினால், தலைக்குள் இருக்கும் தூரிகை சுழன்று கம்பளத்தைத் தட்டித் தூசியைக் கிளப்பும். குழாய் அதைக் கீழே இழுத்துக்கொண்டு போய்விடும்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வீட்டுத் தூசியில் நல்ல பங்கு நம் உடம்பிலிருந்து உதிர்ந்த தோல்தான் என்று எவனோ ஒரு புத்திசாலிக்கு உறைத்துவிட்டது. குழாய்கள் சேரும் இடத்தில் ஒரு தூசிமானியை வைத்தான். ஒவ்வொருவர் தோலுக்கும் ஓர் உதிர்ச்சுவடு உண்டு. எந்த வீட்டுத் தூசியில் யார் யாருடைய சுவடு எவ்வளவு இருக்கிறது என்று அந்த மானி படித்துவிடும். அதற்கு முன்னால் ஊரில் நடந்த கூத்து கொஞ்சமா? துபாய்க்குப் போனவன் பேரில் வீடு, செத்தவன் பேரில் வீடு, பிறக்காத பிள்ளை பேரில்கூட ஒரு அறை. ஆகவே குடும்ப அட்டைகளையெல்லாம் ஒழித்துவிட்டு, குடியிருப்பவர் யார் என்பதைத் தூசியே சொல்லட்டும் என்று சட்டம் போட்டார்கள். மனிதர் வாய்ச்சொல் இனி செல்லாது என்று அதில் ஒரு வரியும் இருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். லோகித்தும் தட்டினார்.

அந்தத் தூசியை வைத்துத்தான் சுவர் தினமும் காலையில் வணக்கம் சொல்லும். யாருடைய தூசி அதிகமோ அவர் பெயர் முதலில் வரும். "வணக்கம், லோகித். வணக்கம், மிருதுளா."

மிருதுளா அவர் மனைவி. போன ஆவணியில் தென்காசியில் தங்கை வீட்டுக்குப் போனவள், அங்கேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், எழுந்திருக்கவில்லை. அங்கேயே எல்லாம் முடிந்தது. லோகித் தனியாகத் திரும்பி வந்து படுத்தார். விடிந்ததும் சுவர், "வணக்கம், லோகித். வணக்கம், மிருதுளா" என்றது. கம்பளத்தில் அவள் இன்னும் இருந்தாள், அவ்வளவுதான். லோகித் போர்வையை வாயில் திணித்துக்கொண்டு அழுதார். அழுது முடித்ததும், இதை யாரிடமும் சொல்லப்போவதில்லை என்று முடிவு செய்தார்.

ஒருவருடைய தூசி ஒரு மாதத்துக்குப் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே இருந்தால் அவர் போய்விட்டார் என்று கணக்கு. இருவர் வீடு ஒருவர் வீடாகிவிட்டால், மிஞ்சியவரை உப்பளம் பார்த்த ஒற்றையறைக்கு மாற்றுவார்கள். போனால் போகட்டும், கடலைப் பார்த்து அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால் காலி செய்த வீட்டில் முழு உறிஞ்சல் போடுவார்கள். கம்பளத்தின் வேர் வரைக்கும் இழுத்துவிடும். அவள் மொத்தமாகப் போய்விடுவாள், அவள் பேரும் போய்விடும். லோகித் கல்யாணமான நாளிலிருந்து அவளை "ஏளா" என்றுதான் கூப்பிட்டார். பெண்டாட்டி பேரை வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் அவர் வீட்டில் கிடையாது. அந்தப் பேரைச் சொல்ல உலகத்தில் மிச்சமிருந்தது அந்தச் சுவர் ஒன்றுதான்.

பழைய தலை தேய்ந்துபோன தலை. மேலோட்டமாகக் கொஞ்சம் எடுக்கும், மிச்சத்தை விட்டுவிடும். அதனால்தான் இத்தனை மாதம் அவள் தாக்குப்பிடித்தாள். பெருக்காமலே இருந்துவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை, ரொம்ப நாள் குழாய் செருகாத வீட்டுக்கு ஆள் வந்துவிடும். புதுத் தலை வாங்கியே ஆகவேண்டும். புதுத் தலைகளோ ஒரே ஓட்டத்தில் எல்லாவற்றையும் வாரிவிடும்.

ஏழாம் மாடியில் உதிரிச் சாமான் கடை வைத்திருந்தவள் ஜெபமலர். வாய் ஓயாதவள். பழைய தலையை வாங்கிப் பார்த்ததும் சிரித்தாள்.

"இந்தச் சவத்த வச்சா இவ்வளவு நாளும் ஓட்டினிய? பெல்ட்டு அந்து, மோட்டாரும் கருகிப்போச்சே அண்ணாச்சி."

"வேற ஒண்ணு குடும்மா."

"மதினி நல்லா இருக்காவளா? கண்ணுலயே காணும்."

"இருக்கா. வெளிய வாரதில்ல."

ஜெபமலர் ஒரு கறுப்புத் தலையை எடுத்து மேஜையில் வைத்தாள். முன்னால் விளக்கு வைத்த, அகலமான தலை. "இது ஆழத்தலை. கம்பளம் எவ்வளவு தடின்னு அதுவே பாத்து இறங்கிக்கிடும். ஒரு ஓட்டு ஓட்டினா போதும், நீங்க குடிவந்த நாளையில உள்ள அழுக்குகூட வந்துரும்."

லோகித் அதைத் தள்ளி வைத்தார். "இது வேண்டாம். இதவிடக் கொறஞ்சது இல்லியா?"

அவள் இன்னொன்றை வைத்தாள். தூரிகையின் உயரத்தைக் கையால் ஏற்றி இறக்கலாம் என்றாள். "எவ்வளவு உசத்தினாலும் நல்லா இழுக்குமா?" என்று அவர் கேட்டார். "இழுக்காம பின்ன? பல்லு அப்படி" என்று அவள் பெருமையாகத் தூரிகையைத் தடவிக் காட்டினாள். அதையும் அவர் தள்ளி வைத்தார். கீழ்த்தட்டில் தூசி படிந்து கிடந்த ஒரு சாம்பல் நிறத் தலையைக் காட்டி, அது என்ன என்றார்.

"அதா? அது மோட்டார் இல்லாத காத்துத்தலை. குழாய்ல இழுக்கிற காத்துலயே தூரிக சுத்தும். வெறுந்தரைக்குத்தான் லாயக்கு. கம்பளத்துல போட்டா தடவிக் குடுக்கும், அவ்வளவுதான். வாங்கிட்டுப் போன ஆளு மறுநாளே கொண்டாந்து மூஞ்சில எறியாத கொற."

"அதுதான் வேணும்."

"அண்ணாச்சி, நல்ல சாமான விட்டுட்டு இத எடுக்கிறியளே. கழுத்தும் உங்க குழாய்க்குச் சேராது."

"உங்க மதினிக்குக் கைவலி. கனமில்லாம வேணும்."

பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. ஜெபமலரின் முகம் இளகிவிட்டது. கழுத்துக்குப் பொருந்துகிற வளையம் ஒன்றைத் தேடி எடுத்து, அதை மாட்டும் விதத்தையும் காட்டினாள்.

"ஒரு நாள் அவியளக் கூட்டிட்டு வாங்க. அவிய கையாலயே தூக்கிப் பாத்துச் சொல்லட்டும், சரியா இருக்கான்னு."

"வருவா" என்றார் லோகித்.

காற்றுத்தலை சும்மா சொல்லக்கூடாது, அவர் நினைத்ததைவிட மட்டமாக இருந்தது. கம்பளத்தின் மேல்நுனியை மட்டும் வருடிக்கொண்டு போனது. லோகித் அதை மிருதுளாவின் பக்கத்தில் மட்டும் ஓட்டினார். கட்டிலில் அவள் படுத்த பக்கம், ஜன்னலோரம் அவள் நாற்காலி கிடந்த இடம், நிலைக்கண்ணாடிக்கு முன்னால் நின்று அவள் தலை சீவுகிற ஒரு முழ அகலம். தன் பக்கத்தை ஈரத்துணியால் துடைத்துத் துணியைக் கழுவிவிட்டார். கழுவுநீர்க் குழாயில் மானி கிடையாதே.

அப்படியும் அவள் குறைந்துகொண்டே வந்தாள். ஒரு நாள் சுவர், "வணக்கம், லோகித்" என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் தயங்கியதுபோல் அவருக்குப் பட்டது. அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. மானிக்கு மொத்தத் தூசி எவ்வளவு என்பது முக்கியமில்லை, யாருடைய பங்கு எவ்வளவு என்பதுதான் முக்கியம். அவளைக் கூட்ட முடியாது. தன்னைக் குறைத்துக்கொள்ளலாம்.

குறைத்துக்கொண்டார். காலையும் மாலையும் உடம்பெல்லாம் தேங்காயெண்ணெய் தடவினார், தோல் உதிராமல் இருக்க. வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டை. படுக்கையைத் தூக்கிப் பலகணியின் சிமெண்ட் தரைக்குக் கொண்டுபோனார். கூடத்தில் நடப்பதென்றால் ஓரமாக, நுனிக்காலில். அலமாரியைத் திறந்து அவள் சேலைகளை ஒவ்வொன்றாக ஜன்னலோரம் உதறுவார், பிறகு அந்த இடத்தில் தலையை ஓட்டுவார். பேச ஆளில்லை. வீட்டுக்கு யாரையும் கூப்பிட முடியாது, வருகிறவன் தன் தோலையும் கொண்டுவருவானே. எதிர்வீட்டுக்காரர் கதவைத் தட்டினால்கூட இவர் பலகணியில் மூச்சுவிடாமல் இருந்துவிடுவார். சொந்த வீட்டில் திருடன் மாதிரி வாழ்ந்தார் மனுஷன்.

பலன் கிடைத்தது. ஒரு காலையில் சுவர், "வணக்கம், மிருதுளா. வணக்கம், லோகித்" என்றது. அவள் பெயர் முதலில். லோகித் பலகணியில் எண்ணெய் மினுங்க உட்கார்ந்து வெகுநாளைக்குப் பிறகு சிரித்தார். இனிமேல் கவலையில்லை என்று நினைத்துக்கொண்டார்.

ஆடி பிறந்து சில நாள் கழித்து, சுவர் இப்படிச் சொன்னது:

"வணக்கம், மிருதுளா. லோகித் இந்த வீட்டில் இல்லை என்பதை அறிந்து வருந்துகிறோம். உங்கள் துயரத்தில் கோபுரம் பங்குகொள்கிறது. உங்கள் மாடியில் உள்ளவர்களுக்கும் லோகித் வழக்கமாகச் செல்லும் கடைகளுக்கும் தகவல் சொல்லியிருக்கிறோம். ஒற்றையர் அறைக்கு நீங்கள் மாறுவதற்கான ஏற்பாடு விரைவில் தொடங்கும்."

லோகித்துக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சுவருக்கு அருகில் போய், "நான் இருக்கேன். இங்கதான் நிக்கேன்" என்றார்.

"வாய்ச்சொல்லை ஏற்க இயலாது, மிருதுளா" என்றது சுவர், கனிவாக.

அவர் குழாயை எடுத்தார். தன் பக்கத்தில், தன் பழைய சாய்வு நாற்காலிக்குக் கீழே தலையை வைத்தார். அந்த ஒரு மூலையில் மட்டும் ஈரத்துணி போகவில்லை, வருஷக்கணக்கில் அவர் தோல் அங்கே சேர்ந்து கிடந்தது. சில ஓட்டு ஓட்டினால் போதும், தான் உயிரோடு இருப்பது தெரிந்துவிடும். அந்தச் சில ஓட்டில் மிருதுளா பத்தில் ஒரு பங்குக்குக் கீழே போய்விடுவாள். ஓட்டாவிட்டால் மிருதுளாவை ஒற்றையறைக்கு மாற்றிவிட்டு இங்கே முழு உறிஞ்சல் போடுவார்கள். எப்படிப் பார்த்தாலும் அவள் போகிறாள். இந்த ஒரு வருஷத்தில் அவர் காப்பாற்றியது என்னவென்று அவருக்கே தெரியவில்லை. கையில் குழாயோடு அப்படியே நின்றார்.

"மிருதுளா, துக்கம் விசாரிக்க ஆட்கள் வந்திருக்கிறார்கள். கதவைத் திறக்கட்டுமா?"

அவர் பேசவில்லை. துக்க வீட்டில் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளச் சுவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கதவு திறந்துகொண்டது.

முன்னால் ஜெபமலர், கையில் காப்பி பிளாஸ்க்கோடு. பின்னால் எதிர்வீட்டுக்காரரும் அவர் மனைவியும். அதற்கும் பின்னால் அந்த மாடிக்காரர்கள் ஏழெட்டுப் பேர், செருப்பைக் கழற்றிக்கொண்டு. அழுவதற்குத் தயாராக வந்த முகங்கள் எல்லாம் அவரைப் பார்த்து அப்படியே நின்றன.

"அண்ணாச்சி" என்றாள் ஜெபமலர். "நீங்க போயிட்டியன்னுலா சொன்னாவ."

"நான் போகல."

"அப்ப மதினி?"

எல்லோரும் அவர் தோளுக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்தார்கள். லோகித் வாயைத் திறந்தார். இத்தனை காலம் தன்னோடு வாழ்ந்தவளின் பேர் அவர் வாயிலிருந்து முதல் தடவையாக வந்தது.

"மிருதுளா செத்துப் போயிட்டா. வருசம் ஆகப்போவுது."

முதலில் சுவர்தான் பேசியது. "மிருதுளா உள்ளே இருக்கிறார். நீங்கள் வரலாம்."

லோகித்தை எதிர்வீட்டுக்காரர் ஓடிவந்து தாங்கிக்கொண்டார். ஜெபமலர் அவர் கையிலிருந்த குழாயை வாங்கினாள். அதன் முனையில் தன் கடைக் காற்றுத்தலை. அதைப் பார்த்தாள், எண்ணெய் வழிகிற அவர் முகத்தைப் பார்த்தாள், ஜன்னலோரம் கிடந்த சேலையைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது.

"ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா அண்ணாச்சி. நாங்க வந்திருக்க மாட்டமா?"

"சொன்னா அவ பேரு போயிரும்" என்றார் லோகித். அதற்கு மேல் அவரால் முடியவில்லை. ஆள் இருக்கிறதே என்ற கூச்சமில்லாமல் வாய்விட்டு அழுதார்.

பிளாஸ்க் மூடியில் காப்பியை ஊற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு, ஜெபமலர் மெதுவாகக் கேட்டாள். "இதுல மதினி பக்கம் எது?"

லோகித் ஜன்னல் பக்கம் கை காட்டினார்.

அவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து, சுவரை ஒட்டியே நடந்து, அத்தனை பேரும் மறுபக்கத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள்.