மெஷின் துப்பிய காசு

பேருந்தில் டிக்கெட் மெஷின் அந்தக் காசை மறுபடியும் துப்பியது.

"பாப்பா, வேற காசு இல்லையா?" என்று ஓட்டுநர் கேட்டார். பின்னால் நின்றவர்கள் உச்சுக்கொட்டத் தொடங்கினார்கள்.

பம்பரம் வேறொரு காசைப் போட்டு டிக்கெட்டை வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பம்பரம் என்பது அவளுடைய உண்மையான பெயர் இல்லை. உட்கார்ந்தால் கால் ஆடும், நின்றால் கை ஆடும். அதனால் வீட்டில் அப்படிப் பேர் வைத்துவிட்டார்கள்.

மெஷினுக்கு இந்தக் காசு மேல் என்ன கோபம்? அவள் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். நடுவில் இருக்க வேண்டிய எண், ஓரமாக நகர்ந்து பாதி வெளியே போயிருந்தது. எதிர் ஓரத்தில் ஒன்றுமே இல்லாமல், பிறை நிலா போல வழவழவென்று இருந்தது.

வீட்டுக்குப் போனதும் மாமாவிடம் காட்டினாள். மாமா அம்மாவின் தம்பி. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் வேலை. பகலெல்லாம் அடுத்தவர்களிடம் "மெதுவா, மெதுவா" என்று சொல்லிவிட்டு வருவதாலோ என்னவோ, வீட்டில் அவருக்கு எல்லாமே வேகமாக நடந்தாக வேண்டும்.

மாமா கைப்பேசியில் எதையோ தேடினார். அவர் கண்கள் விரிந்தன.

"அடி பம்பரம், இது தப்பா அடிச்ச காசு. அச்சு விழும்போது இடம் நகர்ந்திருக்கு. இந்த மாதிரி காசு வெளியே வர்றதே அபூர்வமாம். ஏலத்துல இதுக்கு அடிச்சுக்கிறாங்க."

"தப்பா அடிச்சதுக்கா?"

"தப்பா அடிச்சதாலதான். இதோ, துடைக்கவே கூடாதுன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு பாரு."

பம்பரத்துக்கு முதலில் நினைவு வந்தது தம்பிதான். தம்பிக்கு ஏழு வயது. காதில் வைக்கும் கருவி இல்லாமல் அவனுக்குச் சரியாகக் கேட்காது. அந்தக் கருவியும் பழசாகிவிட்டது. திடீரென்று கீச்சிடும், திடீரென்று செத்துப்போகும். அப்போதெல்லாம் தம்பி மற்றவர்கள் சிரிப்பதைப் பார்த்து, தானும் ஒரு நொடி தாமதமாகச் சிரிப்பான்.

மறுநாள் அவள் எழுதுபொருள் கடைக்கு ஓடினாள். அழிரப்பர் வாங்கியபோது அங்கேதான் அந்தக் காசு சில்லறையாக வந்தது.

கடைக்கார அக்கா காசைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "உனக்குச் சேர வேண்டிய சில்லறையைத்தானே குடுத்தேன்? அப்ப அது உன் காசு. வந்து சொன்னியே, அது போதும்."

காசு மாத்திரைப் பெட்டியில், பஞ்சுக்கு நடுவே குடியேறியது. பம்பரம் நிமிடத்துக்கு ஒரு தடவை திறந்து பார்த்தாள். சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்து பார்த்தாள். பல் தேய்த்துக்கொண்டே பார்த்தாள்.

"அது ஓடிப்போகாது. அதுக்குக் கால் இல்ல" என்றாள் அம்மா. அம்மாவுக்கு ரொட்டிக் கடையில் வேலை. ஏலக்கடைகளுக்கு அலைய நேரம் கிடையாது. அதனால் மாமாவிடம், "நீ கூட்டிட்டுப் போ. ஆனா அவ காசு, எங்க குடுக்கறதுன்னு அவளே முடிவு பண்ணட்டும்" என்று சொல்லி அனுப்பினாள்.

முதல் ஏலக்கடையின் தரையில் முகம் பார்க்கலாம். அவ்வளவு பளபளப்பு. டை கட்டிய ஒருவர் எழுந்து வந்து மாமாவின் கையைக் குலுக்கினார். காசைப் பார்த்ததும், "ஆஹா" என்றார்.

"சார், இது ஒரு கார் வாங்கற அளவுக்குப் போகும். இந்த வாரமே ஏலம் இருக்கு. இன்னைக்கே குடுத்துட்டுப் போங்க."

மாமாவின் கை தானாகவே சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்தது.

"ஏலத்துல என்ன சொல்லி விப்பீங்க?" என்று பம்பரம் கேட்டாள்.

"பழைய அரச குடும்பத்துப் பெட்டியிலிருந்து வந்த காசுன்னு சொல்லுவோம். அப்பதான் மதிப்பு ஏறும்."

"ஆனா இதுல போன வருஷம்னு போட்டிருக்கே?"

டை கட்டியவர் சிரித்தார். "பாப்பா, அதையெல்லாம் யாரு பாக்கப்போறா?"

"காசு வாங்க வர்றவங்க காசைப் பாக்க மாட்டாங்களா?"

மாமாவுக்கு இருமல் வந்தது. டை கட்டியவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு, மஞ்சள் துணி ஒன்றைக் கையில் எடுத்தார். "கொஞ்சம் மெருகேத்திட்டா ஜம்முனு இருக்கும்."

"துடைக்கக் கூடாது" என்று பம்பரம் நாற்காலியிலிருந்து குதித்தாள். "காசு குடுத்ததுக்கு ரசீது தருவீங்களா?"

"அடுத்த வாரம் தபால்ல வரும்."

காசு இன்றைக்குப் போகும், ரசீது அடுத்த வாரம் வரும். அது அவளுக்குச் சரியாகப் படவில்லை. பெட்டியை எட்டி வாங்கி மூடினாள். "யோசிச்சுச் சொல்றோம் சார்" என்று சொல்லிவிட்டு வாசலை நோக்கி நடந்தாள். நடந்தாள் என்பதுகூடச் சரியில்லை, கிட்டத்தட்ட ஓடினாள்.

தெருவில் மாமா பொரிந்து தள்ளினார். "கைக்கு எட்டினதை விட்டுட்டு வர்றியே. கார்னு சொன்னாரு, காதுல விழுந்துச்சா இல்லையா?"

"விழுந்துச்சு மாமா."

"இந்த வாரமே கைக்குப் பணம். தம்பிக்கு உடனே வாங்கிடலாம்."

அதுதான் அவளையும் குத்தியது. பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "இன்னும் ஒரு இடம் பாத்துடலாம் மாமா. ஒண்ணே ஒண்ணு."

இரண்டாவது ஏலக்கடை ஒரு செருப்புக் கடைக்கு மேலே, மாடியில் இருந்தது. படியில் பாதி விளக்குகள் எரியவில்லை. மாமாவின் முகம் கோணியது. உள்ளே ஏலம் நடந்துகொண்டிருந்ததால் இருவரும் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள்.

குட்டை முடி வெட்டிய ஓர் அம்மா மேடையில் நின்று ஒரு பழைய வெள்ளித் தட்டை உயர்த்திக் காட்டினார். "பின்பக்கம் ஒரு கீறல் இருக்கு. நல்லாப் பாத்துக்கோங்க. அப்புறமா கேளுங்க" என்றார்.

"இது என்ன வியாபாரம்?" மாமா முணுமுணுத்தார். "குறையைச் சொன்னா எவன் வாங்குவான்?"

ஆனால் கைகள் உயர்ந்தன. விலை ஏறியது. சுத்தி மேசையில் தட்டிற்று, தட்டு விற்றுப்போனது.

பம்பரத்தின் கால் ஆடுவது நின்றிருந்தது. "மாமா," என்றாள் மெதுவாக, "நம்ம காசுல இருக்கறதே குறை மட்டும்தானே? குறையை மறைக்காம சொல்றவங்கதானே இதை விக்கணும்?"

மாமா மேடையை மறுபடி எட்டிப் பார்த்தார்.

ஏலம் முடிந்ததும் அந்த அம்மா காசை ஓரத்தில் மட்டும் பிடித்து, பூதக்கண்ணாடியால் பார்த்தார். சின்னத் தராசில் எடை போட்டார். பிறகு மறுபடியும் பூதக்கண்ணாடியை எடுத்தார்.

"நிஜமாவே அச்சுல நடந்த பிழைதான். யாரும் வெட்டிக் கிட்டி வேலை பண்ணல. வருஷமும் முழுசாத் தெரியுது, அது ரொம்ப நல்லது. எங்கிருந்து வந்துச்சு?"

மாமா தொண்டையைச் செருமினார். "அது வந்து, பரம்பரை பரம்பரையா எங்க..."

"அழிரப்பர் வாங்கின மிச்சச் சில்லறை" என்றாள் பம்பரம். "பஸ் மெஷின் எடுத்துக்கல. கடைக்கார அக்காகிட்ட சொல்லிட்டேன். என்னோடதுதான்னு சொன்னாங்க."

அந்த அம்மா முதல் தடவையாகச் சிரித்தார். "கார் வாங்கற அளவுக்குப் போகுமா?" என்று மாமா கேட்டதும், அவர் தலையை ஆட்டினார். "கார் அளவுக்கெல்லாம் போகாது. ஒரு நல்ல சைக்கிளுக்கு மேலேயே போகும். அதுக்கு மேல எவ்வளவுன்னு இப்பச் சொன்னா நான் பொய் சொல்றதா ஆயிடும். இந்த விலைக்குக் கீழே விக்கக் கூடாதுன்னு நீங்க ஒரு விலை சொல்லுங்க. வித்தா மட்டும்தான் எங்களுக்குப் பங்கு. காசு ஏலம் ரெண்டு மாசம் கழிச்சு. ரசீது இப்பவே தரேன்."

ரெண்டு மாசம். பம்பரத்தின் கால் மறுபடி ஆடத் தொடங்கியது. ஆனாலும் பெட்டியை மேசைமேல் வைத்தாள்.

அந்த இரண்டு மாதமும் அவளுக்கு நகரவே இல்லை. ஒருநாள் பள்ளியில் அவள் தம்பியின் வகுப்பைத் தாண்டிப் போகும்போது, டீச்சர் அவன் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தான். வகுப்பே சிரித்தது. தம்பியும் ஒரு நொடி தாமதமாகச் சிரித்தான். அன்று மாலை பம்பரம் அம்மாவின் முந்தானையைத் திருகிக்கொண்டு கேட்டாள்.

"நான் தப்புப் பண்ணிட்டேனாம்மா? அங்கேயே குடுத்திருந்தா, இந்நேரம் அவனுக்குக் கேட்டிருக்குமே."

அம்மா அவள் தலையைத் தடவினாள். "தெரியாதுடி. ஆனா உனக்குச் சரின்னு படாத இடத்துல நீ குடுக்கல. அவ்வளவுதான்."

ஏல நாள் வந்தது. அம்மா, மாமா, தம்பி, பம்பரம் நாலு பேரும் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். காசின் படம் பெரிய திரையில் தெரிந்தது.

"இது எந்த ராஜா வீட்டிலிருந்தும் வரல" என்றார் குட்டை முடி அம்மா. "அழிரப்பர் வாங்கின சில்லறையில வந்தது. பஸ் மெஷின்கூட இதை வேண்டாம்னு துப்பிடுச்சு. எண் ஓரமாப் போயிடுச்சு, மீதி வெறுமையா இருக்கு. யாரும் துடைக்கல. வருஷம் தெரியுது."

கூடம் சிரித்தது. ஆனால் ஒரு கையும் உயரவில்லை.

பம்பரம் கண்களை இறுக மூடிக்கொண்டாள். எல்லாம் போச்சு. மாமா அவள் பக்கம் திரும்பவில்லை. அதுவே அவளுக்குப் பெரிய உதவியாக இருந்தது.

அப்போது முன்வரிசையில் கண்ணாடி போட்ட ஒருவர் விரலை உயர்த்தினார். சுவரோரம் நின்ற பெண் ஒருத்தி அதற்கு மேல் கேட்டாள். அவர் ஏற்றினார். அவளும் ஏற்றினாள். சைக்கிள் விலை தாண்டியது. பம்பரம் ஒரு கண்ணைத் திறந்தாள். விலை இன்னும் ஏறியது. மாமா நாற்காலியின் நுனிக்கு வந்து, "விடாதீங்க, விடாதீங்க" என்று யாரிடம் சொல்கிறோம் என்றே தெரியாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

கண்ணாடிக்காரர் தலையை ஆட்டி விலகினார். சுத்தி மேசையில் விழுந்தது. கார் வாங்க முடியாது. ஆனால் காதுக் கருவி வாங்க முடியும்.

வாங்கிய பெண் வெளியே போகும்போது பம்பரத்திடம் நின்றாள். "இந்த மாதிரி காசு எங்கிட்ட ரெண்டு உண்டு. அதுங்க எங்கிருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. இது வந்த வழி மட்டும்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

அடுத்த வாரம் தம்பிக்குப் புதுக் கருவி வந்தது. அதைக் காதில் வைத்துக்கொண்டு அவன் கூடத்தின் நடுவில் அசையாமல் உட்கார்ந்திருந்தான். பம்பரம் எதிரில் உட்கார்ந்து அவன் முகத்தையே பார்த்தாள்.

"ஏதாவது கேக்குதாடா?"

தம்பி விரலை உதட்டில் வைத்து, பேசாதே என்று அவளுக்குச் சைகை காட்டினான். மெல்ல எழுந்து சமையலறைக்குப் போனான். எல்லோரும் எப்போதோ கவனிப்பதையே விட்டுவிட்ட குழாயடியில் நின்றான். சொட், சொட் என்று தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அதைக் குனிந்து கேட்டான். பிறகு குழாயை இறுக்கி மூடினான்.

"இப்ப நிக்குது" என்றான், பெரிய வேலை முடித்தவன் போல.