இரண்டாம் முறை அழுத்தியபோது

சங்கரன்கோவில் பஸ் நிலையத்துக்குப் பின்னால், பழுதான ஹார்டு டிஸ்க்குகளைச் சோதித்துப் பார்க்கும் காந்திமதிநாதனின் கடைக்குள் பிரபுதாஸ் தன் கம்ப்யூட்டரைச் சுமந்துகொண்டு வந்தார். மூன்று நாளாக அவர் யாரிடமும் பேசியிருக்கவில்லை.

"ஜெபிதாவுக்கு எழுதின கடிதத்துல இருபது நாள் எழுத்தைக் காணோம்" என்றார்.

ஜெபிதா அவர் மனைவி. இறந்து இரண்டு வருடம். ஒரே கோப்பில் தினமும் அவளுக்கு எழுதி வந்தார். அது மாடியில் குடியிருந்த ரிஸ்வான் அகமதுக்கு மட்டும் தெரியும். சாயங்காலம் அவரோடு டீ குடிக்க வந்த ஒரே ஜீவனும் அவன்தான்.

"இப்படி எழுதி எழுதி மனசைக் கெடுத்துக்கிடாதீங்க சார்னு சொல்லிக்கிட்டே இருப்பான். பாஸ்வேர்டும் அவனுக்குத் தெரியும். நீதான அழிச்சேன்னு முகத்துக்கு நேரா கேட்டுட்டேன்."

"பொறவென்ன அண்ணாச்சி, அவன்தான்!" என்றாள் உதவியாளர் சிவசக்தி. முதல் ஐந்து நிமிடத்திலேயே யாரையாவது குற்றவாளியாக்காவிட்டால் அவளுக்கு இருப்புக் கொள்ளாது.

காந்திமதிநாதன் நிதானமாகக் கேட்டார்: "எப்பம் காணாமப் போச்சு?"

"மாசாந்திர பவர்கட் அன்னைக்கு. அதுவரைக்கும் கம்ப்யூட்டரை அணைச்சதே இல்ல. அந்தச் சத்தமும் இல்லன்னா வீடு வெறிச்சுன்னு இருக்கும். அன்னைக்கு இன்வெர்ட்டரும் படுத்துட்டு. திரும்பப் போட்டா நாலாம் தேதி வரைக்கும் எழுதினதுதான் இருக்கு. கோப்புல கடைசியா மாத்தின தேதின்னு காட்டுததும் அந்த நாலாந்தேதிதான்."

"சேமிக்கும்போது தப்புன்னு ஏதும் காட்டிச்சா?"

"சிவப்பா ஒரு வரி வரும். நான் பூட்டையே ரெண்டு தடவை இழுத்துப் பாக்குத ஆளு. இதையும் ரெண்டு தடவை அழுத்துவேன். ரெண்டாந்தடவை 'சேமிக்கப்பட்டது'ன்னு வந்துரும்."

"சிவப்பு வரி எப்பம் இருந்து?"

"அஞ்சாந்தேதி வாக்குல."

காந்திமதிநாதன் தன் மெஷினில் ஒரு போலி டிஸ்க்கை உருவாக்கினார். குறிப்பிட்ட ஓர் இடத்தில் எழுத மறுக்கும் டிஸ்க். ஒரு வரி தட்டி, சேமிக்க அழுத்தினார். சிவப்பு எழுத்து. மறுபடி அழுத்தினார். 'சேமிக்கப்பட்டது.' வரியும் திரையில் அப்படியே இருந்தது. பிளக்கைப் பிடுங்கி மறுபடி போட்டார். வரியைக் காணோம்.

சிவசக்தி வாயைப் பிளந்தாள்.

"எழுத முடியலன்னு மெஷின் ஒரே ஒரு தடவைதான் சொல்லும்" என்றார் காந்திமதிநாதன். "சொன்னதோட தன் வேலை முடிஞ்சதுன்னு விட்டுரும். ரெண்டாந்தடவை கேட்டா, எழுத பாக்கி ஒண்ணுமில்ல, எல்லாம் சரிங்கும். நீங்க இருபது நாளா பாத்தது டிஸ்க்குல இருந்ததை இல்ல சார், மெமரியில நின்னதை. கரண்டு போனதும் அதுவும் போச்சு. யாராவது வேணும்னு அழிச்சிருந்தா, கோப்புல அழிச்ச அன்னைக்குத் தேதில்லா விழுந்திருக்கும், நாலாம் தேதியிலயே ஏன் நிக்கணும்?"

"அந்த இருபது நாள்?"

"போனது போனதுதான்."

பிரபுதாஸ் ரிஸ்வானைப் போனில் அழைத்தார். "நீ அழிக்கலப்பா. மெஷின்தான்."

"நான் அழிக்கலன்னு எனக்குத் தெரியும் சார்" என்றான் ரிஸ்வான். "நேத்து மாடி வீட்டைக் காலி பண்ணும்போது உங்க கதவைத் தட்டினேன். நீங்க திறக்கல. இப்பம் புளியங்குடியில இருக்கேன்."

இணைப்பு துண்டிக்கப்பட்டது. மேசையில் கம்ப்யூட்டரை அப்படியே விட்டுவிட்டுப் பிரபுதாஸ் எழுந்தார்.

"அண்ணாச்சி, புளியங்குடிக்கு இப்பம் பஸ் இருக்கா?"