இடது கண்ணின் கோடு

"ஐயோ... சார்!"

உறக்க ஆராய்ச்சிக்கூடத்தில் அந்த அலறல் எழுந்தபோது பிற்பகல் மணி மூன்று.

அலறியவள் ஆராய்ச்சி உதவியாளர். அவள் காலடியில் பேராசிரியர்... கழுத்தில் மின்வயர் இறுகி, பிணமாக!

இருபதாவது நிமிடம் இன்ஸ்பெக்டர் விலங்கோடு வந்து நின்றார்.

"கட்டுரையில உன் பேரை விட்டுட்டார்னு காலையில கத்தினியாமே?"

"கத்தினேன். கொல்லலை சார்."

"கட்டடத்துல வேற யாரு?"

"இவர் மட்டும்தான்."

அவள் காட்டிய ஆள் பேராசிரியரின் மைத்துனன். பஸ் டிரைவர். இன்றுதான் முதல்முறையாகச் சோதனைக்குப் படுத்தவன். அவன் கண்ணோரங்களில் பேராசிரியர் கம்பி ஒட்டிய பசை இன்னும் காயவில்லை.

"நான் தூங்கிட்டிருந்தேன் சார்! மெஷினைப் பாருங்க. என் மாமாவை இந்தச் சனியன் பிடிச்சவதான்..."

விம்மினான்.

இன்ஸ்பெக்டர் மெஷினில் இருந்த தாள்சுருளைத் தூக்கினார்.

"என்னம்மா இந்தக் கிறுக்கல்?"

"ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு பேனா சார். மூடின இமைக்குள்ள விழி ஓடினா கோடு துள்ளும். துள்ளினா கனவு."

"ரெண்டு கோடும் குதிக்குது. ஒரு மணி நேரம் விடாம ஓடியிருக்கு. ஆள் கட்டிலை விட்டு எழுந்திருக்கவே இல்ல. கையை நீட்டுடி!"

நீட்டினாள். எதிரே டிரைவரின் அழுத முகம். வலது கண் ரத்தச் சிவப்பு. இடது கண்...

பளிங்கு வெள்ளை!

"சார்! அந்த விலங்கை இவர் மூஞ்சிக்கு முன்னால ஆட்டுங்க."

"என்ன, வித்தை காட்டறியா?"

ஆட்டினார்.

வலது விழி விலங்கோடு ஓடியது. இடது விழி அசையவே இல்லை!

"கண்ணாடிக் கண் சார்! அதோட கோடு செத்துப் படுத்திருக்கணும். இது வேற யாரோ கண்ட கனவு. அலமாரியில இருந்த பழைய சுருளை மாட்டியிருக்கார். அடி நுனியைப் பிரிங்க. அங்கதான் பேர் எழுதுவோம்."

பிரித்தார். போன வாரத் தேதி. பக்கத்தில் பெயர்...

அவளுடையது!

டிரைவர் வெடித்தான். "என் கோட்டைப் பார்த்ததும் மாமா கண்டுபிடிச்சிட்டார் சார்! ஒத்தைக் கண்ணோட ஐம்பது பேரை ஏத்திட்டுப் போறியா, லைசென்ஸைப் பிடுங்க வைக்கிறேன்னார். சொந்த அக்கா புருஷன்! என் பொழைப்பே போயிருக்கும்!"

விலங்கு கை மாறியது.

"அவசரப்பட்டுட்டேன்மா," என்றார் இன்ஸ்பெக்டர்.

அவள் டிரைவரைப் பார்த்தாள்.

"உள்ள போய் நல்லா தூங்குங்க டிரைவர் சார். கனவை மட்டும் இனிமே சொந்தமா காணுங்க!"