சங்கராப் பாரைக் காட்டிக்கொடுத்தது யார்?

மாயாவின் வீட்டில் மூன்று நாளாகச் சங்கரா மீன் குழம்பு இல்லை. குழம்பு இல்லாததுகூடப் பரவாயில்லை. தவசிமுத்து மாமாவின் சிரிப்புச் சத்தமும் இல்லை. அதுதான் மாயாவுக்குத் தாங்கவில்லை.

மாயாவின் அப்பா மனோகரனுக்குத் திருவொற்றியூர்க் குப்பத்தில் ஒரு ஃபைபர் படகு உண்டு. அதில் கடலுக்குப் போகிறவர்கள் இரண்டே பேர். அப்பா இன்ஜினைப் பிடிப்பார், தவசிமுத்து மாமா வலையைப் பிடிப்பார். பதினைந்து வருடமாக அப்படித்தான். மாமா சிரித்தால் கரையில் இருக்கும் காக்கைகள் எல்லாம் ஒரு சுற்றுப் பறந்துவிட்டு வந்து உட்காரும்.

அந்த இரண்டு பேருக்கும் ஒரு ரகசியம் இருந்தது. அதுதான் சங்கராப் பார்.

கடலுக்கு அடியில் எல்லா இடமும் மணல் இல்லை. அங்கங்கே பாறைத் திட்டுகள் இருக்கும். பாறையில் பாசி பிடிக்கும். பாசியைத் தின்னச் சின்ன மீன் வரும். சின்ன மீனைத் தின்னப் பெரிய மீன் வரும். இப்படி மீன் கூடும் பாறைத் திட்டைத்தான் மீனவர்கள் 'பார்' என்பார்கள். மேலே நின்று பார்த்தால் எல்லாம் ஒரே நீலம். பார் எங்கே என்று கண்டுபிடிக்க வருடக்கணக்கில் ஆகும். அதனால் கண்டுபிடித்தவர் அதை வெளியே சொல்ல மாட்டார், வீட்டில் இருப்பவர்களிடம்கூட. குப்பத்தில் அது எழுதாத சட்டம்.

செவ்வாய்க்கிழமை இருவரும் சங்கராப் பாருக்குப் போனார்கள். அங்கே ஏற்கெனவே ஏழு படகுகள் நின்றன! கரைக்குத் திரும்பியதும் சண்டை வெடித்தது. மாயா பக்கத்தில்தான் நின்றாள்.

"இந்த எடம் நம்ப ரெண்டு பேருக்குத்தான் தெரியும். நான் யாருகிட்டயும் சொல்லல. அப்போ?" என்றார் அப்பா.

"அப்போன்னா இன்னா அர்த்தம், மனோகரா?"

"அர்த்தம் உனக்கே தெரியும்."

தவசிமுத்து மாமாவின் முகம் சுருங்கிப் போனது. குனிந்து இரண்டு கைகளிலும் கடல் தண்ணீரை அள்ளினார். "இந்தத் தண்ணி மேல சத்தியமா, நான் சொல்லல."

கடல் தண்ணீர்மேல் சத்தியம் செய்துவிட்டால் குப்பத்தில் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். ஆனால் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மாமா படகிலிருந்த தன் தொப்பியையும் மழைக்கோட்டையும் பையில் போட்டுக்கொண்டார். "பழவேற்காட்டுல ஒரு படகுக்கு ஆள் கேக்கறாங்கோ. சனிக்கெழம போறேன். நம்பாத ஆளுகூட எப்டி வல புடிக்கறது?"

*

வெள்ளிக்கிழமை மதியம், பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் மாயா எல்லாவற்றையும் உமைமாவிடம் சொன்னாள்.

உமைமா மாயாவின் வகுப்புத் தோழி. அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. எழுத்து எங்கே இருந்தாலும் வாசித்துவிடுவாள். பஸ் டிக்கெட்டின் பின்பக்கம், மருந்து அட்டை, சாத்தாங்காட்டு இரும்புக் கடையிலிருந்து அவள் வாப்பா கொண்டுவரும் மூட்டைகளின் மேல் உள்ள அச்சு, எதையும் விடமாட்டாள். அப்போதும் பிஸ்கட் உறையைத்தான் வாசித்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பேருக்குத்தான் தெரியும்னு யாரு சொன்னா? மூணாவதா ஒரு ஆளு கூடவே போயிக்கினு, கூடவே வந்துகினு கீதே!"

"படகுல மூணாவது ஆளே கெடையாதுடி."

"உங்க நைனா சட்டைப் பையில இன்னா வச்சிருப்பாரு?"

மாயா யோசித்தாள். கண்கள் பெரிதாயின. "போனு!"

*

சாயங்காலம் உமைமாவும் மாயாவோடு வீட்டுக்கு வந்தாள். அப்பா வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். பிளாஸ்டிக் உறையில் போட்ட போன் ஆணியில் தொங்கியது.

"நைனா, போனு எடுத்துக்கவா?"

"எடுத்துக்கோ. நான் யாருக்குப் பேசப் போறேன்?"

இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்து போனின் அமைப்புகளைத் திறந்தார்கள். அதில் 'இருப்பிடம்' என்று ஒரு பகுதி இருந்தது. நாம் எங்கே இருக்கிறோம் என்று எந்தெந்த ஆப் கேட்டுத் தெரிந்துகொள்கிறது, எத்தனை மணிக்குக் கேட்டது என்று அங்கே வரிசையாக இருக்கும். அப்படி ஒரு பட்டியல் இருப்பதே பலருக்குத் தெரியாது.

உமைமா விரலை வைத்து வாசித்தாள். "கடல் தோழன். அஞ்சே காலு. அஞ்சு இருவது. அஞ்சு இருவத்தஞ்சு... அட! அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தபா கேட்டுகினே கீது! உங்க நைனா மூணு நாளா வூட்டுலதான கீறாரு?"

மாயா போனைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள்.

'கடல் தோழன்' காற்றையும் அலையையும் சொல்லும் இலவச ஆப். ஒரு மாதத்துக்கு முன் குப்பத்து வாட்ஸ்அப் குழுவில் இன்னொரு படகுக்காரரான ஆன்றோ அண்ணன் அனுப்பியிருந்தார். அப்பாவுக்காக அதைப் போனில் ஏற்றியது மாயாதான். ஏற்றும்போது அது ஐந்து கேள்விகள் கேட்டது. ஐந்துக்கும் 'அனுமதி', 'அனுமதி' என்று படபடவென்று அமுக்கினாள். அமுக்கினால்தான் குமிழி விடும் மீன் பொம்மை வரும். "என் பொண்ணு கில்லாடி" என்று அப்பா தெரு முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டார்.

இப்போது உமைமா அந்த ஐந்தையும் வாசித்தாள். "இருப்பிடம், எப்போதும். தொடர்பு எண்கள். படங்கள். மைக். குறுஞ்செய்திகள். காத்து அடிக்கறதச் சொல்றதுக்கு உங்க நைனா பேசறது எதுக்குடி இதுக்கு?"

"நடுக்கடல்ல டவரே இல்லியே. அங்க எப்டி உளவு பாக்கும்?" என்றாள் மாயா. 'பாக்காது' என்று உமைமா சொல்லிவிட மாட்டாளா என்று அவளுக்கு ஆசையாக இருந்தது.

அதற்கு டவர் வேண்டியதில்லை. வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் 'இப்போது மணி என்ன' என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. ஒவ்வொன்றின் செய்தியும் வந்து சேர எவ்வளவு நேரமானது என்று போன் கணக்குப் போடும். அதிலிருந்து தான் இருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்ளும். நடுக்கடலிலும் அது நடக்கும்.

"கடல்ல குறிச்சி வச்சிக்கும்," என்றாள் உமைமா. "கரைக்கு வந்து டவர் கெடச்சதும் யாருக்கோ அனுப்பிடும். கோள்மூட்டி!"

"அப்போ மாமா மேல தப்பே இல்ல! தப்பு..." மாயா முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டாள்.

"அழுவாத. சும்மா சொன்னா உங்க நைனா நம்புவாரா?"

"'போனுக்கு இன்னா வாயா கீது'ன்னு கேப்பாரு."

"அப்போ அதுக்கு வாய் கீதுன்னு காட்டணும்."

மாயா மூக்கைத் துடைத்துக்கொண்டு கடலைப் பார்த்தாள். அங்கே கருங்கற்களைக் கொட்டிக் கட்டிய தூண்டில் வளைவு கடலுக்குள் நீண்டு கிடந்தது.

"போனு தெனமும் வூட்டுல கெடக்குது. ஆனா ஒரு படகும் நம்ப வூட்டுக்கு மீன் புடிக்க வரல," என்றாள் மெதுவாக. "அப்டின்னா கரையில கீற எடத்த அது கணக்குல எடுக்கறது இல்ல. கடல் பக்கம் கொஞ்ச நேரம் அசையாம நின்னாத்தான் 'இங்க மீன் கீது'ன்னு நெனைக்குது. தூண்டில் வளைவு நுனிக்குப் போனா மூணு பக்கமும் கடல்தான?"

உமைமா வாசிப்பதையே நிறுத்திவிட்டாள். "சோக்கான வேல பண்ணப் போறோம்!"

*

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குத் தூண்டில் வளைவின் நுனியில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். போன் நனையாமல் இருக்க மாயா அதை எவர்சில்வர் டிபன் டப்பாவுக்குள் வைத்து மூடினாள்.

"ஐயோ, மூடாத! இரும்பு டப்பாக்குள்ள வானத்துலருந்து ஒண்ணும் வந்து சேராது," என்று உமைமா வெளியே எடுத்துப் பிளாஸ்டிக் உறையோடு பாறைமேல் வைத்தாள்.

அஞ்சாங்கல் ஆடினார்கள். உமைமா நான்கு ஆட்டம் ஜெயித்தாள். பத்து மணி ஆகும்போது, கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு படகு சட்டென்று திசை மாறி அவர்களை நோக்கி வந்தது.

ஆன்றோ அண்ணன்! வலையைக் கையில் எடுத்துவிட்டார். "ஏய் பொண்ணுங்களா, ஓரமா தள்ளுங்கோ! உங்க காலுக்குக் கீழ மீன் கும்பலா கீது!"

மாயாவும் உமைமாவும் குனிந்து பார்த்தார்கள். ஒரு நண்டு இருந்தது. அதுவும் அவர்களைப் பார்த்துவிட்டு இடுக்குக்குள் ஓடியது.

"யாருண்ணா சொன்னா?" என்றாள் மாயா.

"கடல் தோழன்தான். உள்ள 'மீன் வளம்'னு ஒரு பக்கம் கீது. பத்து பேருக்கு இந்த ஆப்ப அனுப்பினா அந்தப் பக்கம் தொறக்கும். சொகப்பு மீன் எங்க மின்னுதோ அங்க போய் வல போட வேண்டியதுதான்." படகைப் பாறை ஓரமாக நிறுத்திப் போனை நீட்டினார். தூண்டில் வளைவின் நுனியில் ஒரு சிவப்பு மீன் கண் சிமிட்டியது.

மாயா அப்பாவின் போனைத் தூக்கிக் காட்டினாள். "உங்க மீனு இதுதாண்ணா. ரெண்டு மணி நேரமா இங்கயே கீது."

ஆன்றோ போனைப் பார்த்தார். பாறையைப் பார்த்தார். மறுபடி போனைப் பார்த்தார்.

"செவ்வாக்கெழம எங்க பாருக்கு நீங்க வந்ததும் இத்த பாத்துத்தானா?"

"ஏழு படகும் இத்த பாத்துத்தான் வந்துச்சு." ஆன்றோ தலையைச் சொறிந்தார். திடீரென்று இரண்டு விரலால் படத்தைச் சுருக்கிக் கடல் முழுவதையும் பார்த்தார். எண்ணூர்ப் பக்கமாக இன்னொரு சிவப்பு மீன் மின்னியது. "அட... அது எம் பாரு! யாருக்குமே தெரியாதே! அதான் நேத்து அங்க மூணு படகு நின்னுச்சா? அடுத்தவன் மீனையே பாத்துகினு இருந்தேன், என்னுத பாக்கவே இல்லியே!"

படகில் இருந்த ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

*

பதினொரு மணிக்கு மணலில் கூட்டம் கூடிவிட்டது. அப்பா ஒரு பக்கம், தவசிமுத்து மாமா ஒரு பக்கம். மாமா தோளில் பை இருந்தது. ஆன்றோ எல்லாருக்கும் சிவப்பு மீனைக் காட்டி முடித்தார்.

மாயா நடுவில் வந்து நின்றாள். "நைனா, அந்த ஆப்ப ஏத்தினது நாந்தான். இன்னா கேக்குதுன்னு படிக்காமலே அனுமதி குடுத்துட்டேன். மாமா யாருகிட்டயும் சொல்லல."

ஆன்றோ முன்னால் வந்து மாயா பக்கத்தில் நின்றார்.

"கொயந்தய வுடுங்கபா," என்றார் ஆன்றோ. "குரூப்ல அனுப்பினது நானு. தப்பு என்னுது."

"திருட்டு ஆப்பு செஞ்சவன வுட்டுட்டு நீங்க ஏன் அடிச்சிக்கிறீங்கோ?" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"தொறந்து வுட்டது நாமதான?" என்றார் இன்னொருவர்.

தவசிமுத்து மாமா தோள் பையை இறக்கி வைத்தார். ஆன்றோவின் கூடையில் அன்றைக்குக் கிடைத்த கொஞ்சம் காரப்பொடி மீன் இருந்தது. அதை எடுத்துத் தார்ப்பாயில் கொட்டினார். "இன்னாத்துக்கு வாய்ச்சண்ட? கடல்லருந்து வந்தா மீன எப்டி பங்கு போடுவோமோ அப்டியே தப்பயும் போட்டுடலாம்."

பாதிக்கு மேல் ஒரு குவியலாக ஒதுக்கினார். "இது அந்த ஆப்பு செஞ்ச திருடனுக்கு. தோழன்னு பேரு வச்சிக்கினு உளவு பாத்தான் பாரு." ஒரு கைப்பிடி வைத்தார். "இது ஆன்றோவுக்கு. அடுத்தவன் பாரப் பாக்க ஆசப்பட்டு பத்து பேர இழுத்து வுட்டதுக்கு." அப்புறம் நாலு மீன் எடுத்து வைத்தார். "இது மாயாவுக்கு. படிக்காம அமுக்கினதுக்கு."

மாயா தன் நாலு மீனைப் பார்த்தாள். திருடனின் குவியலைப் பார்த்தாள். நெஞ்சில் இருந்த பாரம் அந்த நாலு மீன் அளவுக்குக் குறைந்துவிட்டது.

"எனுக்கு?" என்றார் அப்பா.

"உனுக்கும் நாலு. போனக் கொயந்த கையில குடுத்துட்டு இன்னா ஏத்தினன்னு ஒரு வார்த்த கேக்காததுக்கு."

அப்பா முழங்காலிட்டு உட்கார்ந்தார். தார்ப்பாயில் மிச்சம் இருந்த மீன் அத்தனையையும் இரண்டு கையாலும் வாரித் தன் பக்கம் போட்டுக்கொண்டார். "பத்தாது தவசி. பதினஞ்சு வருஷத் தோஸ்து தண்ணி மேல சத்தியம் பண்ணினத நான் நம்பல. கைப்போன நம்பினேன்."

மாமா எதையோ சொல்ல வாய் திறந்தார். சொல்வதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. கரையில் இருந்த காக்கைகள் எல்லாம் ஒரு சுற்றுப் பறந்தன. அந்த அமளியில் ஒரு காக்கை திருடனின் பங்கிலிருந்து ஒரு மீனைக் கவ்விக்கொண்டு போனது.

"வசூல் பண்ண வந்துட்டான்பா!" என்று ஆன்றோ கத்தினார்.

அப்பா மாமாவின் பையை எடுத்துப் படகில் வைத்தார். மாமா அதைத் தடுக்கவில்லை.

அப்புறம் எல்லாருக்கும் ஒரே அவசரம். ஆளாளுக்குப் போனை நீட்டினார்கள். ஆன்றோ தன் போனிலிருந்து முதல் ஆளாகக் கடல் தோழனை நீக்கிவிட்டு, அதே குழுவில் "அத்த எல்லாரும் தூக்கிடுங்கோ, உளவாளி அது" என்று குரல்பதிவு போட்டார். வரிசையில் நின்ற ஒருவர், "மாயா கண்ணு, என் போன்லயும் நீயே பாத்து அமுக்கிடு" என்றார்.

"அமுக்க மாட்டேன் சித்தப்பா," என்றாள் மாயா. "உமைமா வாசிப்பா. இன்னா கேக்குது, அது எதுக்குன்னு நான் சொல்வேன். வேணுமா வேணாமான்னு நீங்களே அமுக்குங்கோ."

உமைமாவுக்கு அன்றைக்கு வாசிக்க நாற்பத்து மூன்று போன்கள் கிடைத்தன. அவ்வளவு சந்தோஷமாக அவளை யாரும் பார்த்ததில்லை.

சங்கராப் பார் இனி ரகசியம் ஆகாது. ஏழு படகுக்குத் தெரிந்தது தெரிந்ததுதான். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அப்பாவும் மாமாவும் வேறு பார் தேடிக் கிளம்பினார்கள். அன்றும் மறுநாளும் வெறும் கூடை. மூன்றாம் நாள் கூடை நிறையச் சங்கரா! ரோஜா நிறத்தில் பளபளவென்று மின்னியது.

"எங்க மாட்டுச்சு?" என்று கரையில் எல்லாரும் கேட்டார்கள். அப்பா வானத்தைப் பார்த்தார். மாமா தன் கால் விரலைப் பார்த்தார்.

மாயா கேட்கவில்லை. கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டார்கள். இந்தத் தடவை அது போனுக்கும் தெரியாது.