பத்தாவது தம்ளர்

"திருடே போகாத பொருளைக்கூட நான் கண்டுபிடிச்சுக் குடுப்பேன் மாப்பிள்ளை" என்றார் போஸ்ட்மாஸ்டர் மாமா.

மாப்பிள்ளை பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஓய்வு பெற்று மகள் வீட்டுக்கு வந்த நாலு வருஷத்தில் மாமா மீட்டுக் கொடுத்ததாகச் சொன்ன நகைகளை அடுக்கினால் மொட்டைமாடி இடிந்து விழும். ஆனாலும் மாமா துப்பறியக் கிளம்பினால் முதலில் செருப்பை மாட்டுகிறவர் மாப்பிள்ளைதான்.

"கதை விடாதீங்க மாமா. திருடு போகலன்னா அப்புறம் எதைக் கண்டுபிடிப்பீங்க?"

அந்த நேரம் பார்த்து வாசலில் வந்து நின்றார் பூட்டுக்கடைக்காரர். சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நிற்கப்போகிறவர். சட்டை முழுக்க வியர்வை.

"என் வேட்புமனு திருடு போச்சுங்க. கடை டிராயர்ல பூட்டி வச்சிருந்தேன். மூணு மணிக்குள்ள தாக்கல் பண்ணணும்."

மணி ஒன்று பத்து.

"பூட்டுக்கடையிலயே பூட்டைத் திறந்துட்டானா?" என்ற மாப்பிள்ளை சிரிப்பை இருமலாக்கினார்.

"போலீஸ்ல சொன்னீங்களா?" என்றார் மாமா.

"நேரா உங்ககிட்டதான் வர்றேன்."

மாமாவிடம் ஒரு சேதியைச் சொன்னால், சொன்னவர் வீடு திரும்புவதற்குள் அது ஊரைச் சுற்றிவிட்டு அவர் வாசலில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும்.

கடை ரயில்பெட்டி போல நீளம். கடைக்கு வாரவிடுமுறை என்பதால் ஆட்கள் இல்லை. கூரையிலிருந்து ஆயிரம் பூட்டுகள் தொங்கின. அத்தனைக்கும் நடுவே ஒரே ஒரு நாற்காலி. எதிர்ச்சாரியில் போலீஸ் ஸ்டேஷன்.

மாப்பிள்ளை சாவி வெட்டும் மேஜையிலிருந்த பூதக்கண்ணாடியை எடுத்து டிராயரைக் குடைந்தார். "ஒரு கீறல்கூட இல்ல மாமா. கள்ளச்சாவிதான்."

"சாவி என் இடுப்பை விட்டு இறங்கினதே இல்ல" என்றார் கடைக்காரர்.

மாமா டிராயரை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஜன்னலோரத் தட்டில் பத்துப் புதுத் தம்ளர்கள். ஒன்பதில் டீக்கறை. பத்தாவதில் கம்பெனிச் சீட்டுகூடக் கிழியவில்லை. பிறகு அலமாரியைப் பார்த்தார். பூட்டுப்பெட்டிகள்மேல் விதை போட்டால் முளைக்கும் அளவுக்குத் தூசி. ஒரே ஒரு பெட்டி மட்டும் சுத்தமாக இருந்தது.

"முன்மொழிய வந்தவங்களுக்கு டீ குடுத்தீங்களாக்கும்?"

"ஆமா. இந்தத் தொகுதி ஓட்டர் பத்துப் பேர் கையெழுத்து வேணும்ல."

"மாப்பிள்ளை, ஷட்டரைப் பாதி இறக்குங்க" என்றார் மாமா. பிறகு குரலைத் தாழ்த்தினார். "எதிர்ல ஸ்டேஷன் இருக்க, அவ்வளவு தூரம் நடந்து என்கிட்ட வந்தீங்க. போலீஸ்னா தேடுவாங்க. நான் ஊருக்குச் சொல்வேன், அவ்வளவுதான்னு நினைச்சிருக்கீங்க. பூட்டுல கீறல் இல்ல, சாவி உங்க இடுப்புல. பத்துத் தம்ளர் வாங்கியிருக்கீங்க. ஒன்பது பேர்தான் குடிச்சிருக்காங்க. மாப்பிள்ளை, தூசியில்லாத அந்தப் பெட்டியை எடுங்க."

பெட்டிக்குள் மனு நாலாக மடிந்து கிடந்தது. ஒன்பது கையெழுத்து. பத்தாவது கோடு காலி.

கடைக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நாலு பேர் கடை ஆளுங்க. அஞ்சு பேர் தங்கச்சி வீடு. வெளியாள்னு ஒருத்தரைக் கேக்கணும். யாரைக் கேப்பேன்? நான் விக்கிற பூட்டு ரிப்பேராகாது. வாங்கினவங்க திரும்பி வர்றதே இல்ல. முப்பது வருஷமா எல்லாரையும் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கேன். மனு திருடு போச்சுன்னா ஊர் பாவம்னு சொல்லும். பத்தாவது ஆள் கிடைக்கலன்னா சிரிக்கும்."

"நானே போட்டுடுவேன். ஆனா என் ஓட்டு இன்னும் பழைய ஊர்ல கிடக்கு" என்று மாமா மாப்பிள்ளையைப் பார்த்தார்.

மாப்பிள்ளை பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். "எங்க வாசல் பூட்டு உங்க கடையிலதான் வாங்கினேன். ஒன்பது வருஷமாச்சு. அதுக்கப்புறம் இந்தப் பக்கம் வரவே இல்ல" என்றவர் பேனாவை எடுத்து, பத்தாவது கோட்டில் பெயரும் முகவரியும் எழுதிக் கையெழுத்திட்டார்.

கடைக்காரர் பத்தாவது தம்ளரின் சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்தார். பிளாஸ்கில் டீ ஆறிப்போயிருந்தது. மாப்பிள்ளை சொட்டு விடாமல் குடித்தார். மனு இரண்டரைக்கே தாக்கலானது.

சாயங்காலம் மகள் கேட்டாள். "அப்பா என்ன இன்னிக்கு வாயே திறக்க மாட்டேங்கிறார்? மத்தியானம் அடிச்ச பீலா என்னாச்சு?"

மாமா கூரையைப் பார்த்தார்.

"பீலா இல்லம்மா" என்றார் மாப்பிள்ளை. "திருடே போகாத பொருளை மாமா கண்டுபிடிச்சார்."

"என்ன பொருள்?"

"அதை மட்டும் கேக்காதே. ஆனா நடந்துச்சு. நான் பார்த்தேன்."