கொஞ்சம்கூட அசையவில்லை

அதிர்வு நின்ற பிறகும் கை மடங்கிக்கொண்டே இருந்தது.

தையற்காரி முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூளை ஆராய்ச்சி செய்யும் தம்பி எல்லாவற்றையும் முன்பே சொல்லியிருந்தான். "மணிக்கட்டுக்கு மேல நரம்பு மாதிரி புடைச்சிருக்கு பாரு, அது தசைநாண். அதுமேல காத்துல ஓடுற சின்னக் கருவி ஒண்ணு கட்டுவேன்க்கா. அது அதிர்ந்தா கை உள்பக்கமா மடங்குற மாதிரி இருக்கும். நிஜத்துல மடங்காது. மூளை ஏமாந்து போகுது, அவ்வளவுதான். ஏமாறும்போது மூளைல எந்த இடம் வேலை செய்யுதுன்னு படம் எடுக்கறோம்."

சோதனைக்கு வரவேண்டிய ஆள் வரவில்லை என்று அன்று காலைதான் வந்து அவளைக் கையோடு அழைத்துப் போனான். சின்ன வயதில் அவளுக்கு வீட்டில் சிலை என்று பட்டப்பெயர். உட்கார வைத்த இடத்தைவிட்டு நகரமாட்டாள். "உன்னை மாதிரி அசையாம இருக்கற ஆள் எனக்கு எங்க கிடைக்கும்?" என்றான். அவனைப் படிக்க வைத்த இத்தனை வருடத்தில் அவன் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை. உச்சி குளிர்ந்துபோய், பாதி தைத்த சட்டையை ஊசியோடு விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

இப்போது குழாய் போன்ற ஸ்கேன் இயந்திரத்துக்குள் மல்லாந்து கிடந்தாள். கண்ணைத் துணியால் கட்டியிருந்தார்கள். பிளாஸ்டிக்கும் ஸ்பிரிட்டும் கலந்த நெடி, மேலே முட்டித் திரும்பி முகத்திலேயே வந்து விழும் தன் மூச்சின் வெதுவெதுப்பு, தகரத்தைச் சம்மட்டியால் அடிப்பதுபோல இயந்திரம் ஓயாமல் போடும் சத்தம், இவ்வளவுக்கும் நடுவில் வலது கை மட்டும் யாரோ பொறுமையாகத் துணி மடிப்பதுபோல உள்ளே மடிந்துகொண்டே போனது. விரல் நுனி முன்கையைத் தொட்டது. அதோடு நிற்கவில்லை. சதைக்குள் புகுந்து முழங்கையை நோக்கி நகர்ந்தது. வலிக்கவில்லை. வலித்திருந்தால் தேவலை.

இடது கையில் ஒரு ரப்பர் பல்ப் இருந்தது. பயமாக இருந்தால் அமுக்கச் சொல்லி, இயந்திரத்தை இயக்கும் பெண் கொடுத்திருந்தாள். அமுக்கினாள். உள்ளங்கைக்குள் அது சப்பென்று அமுங்கியது தெரிந்தது. திரும்பவும் அமுக்கினாள். யாரும் வரவில்லை.

சத்தம் நின்றது. காதுக்குள் தம்பியின் குரல். "சூப்பர்க்கா. கொஞ்சம்கூட அசையல. அடுத்தது வெறும் படம்தான், கருவி போடமாட்டோம்."

போதும்டா தம்பி, கை என்னமோ ஆகுது என்றாள். உதடு பிரிந்தது, நாக்கு புரண்டது, எல்லாம் துல்லியமாகத் தெரிந்தன. காதில் மட்டும் எதுவும் விழவில்லை. கத்தினாள். தொண்டை கிழிந்தது. அறை அமைதியாகவே இருந்தது.

அப்படியானால் பல்பையும் அவள் அமுக்கியிருக்கவில்லை.

சம்மட்டி மறுபடி தொடங்கியது. காலை உதைத்துக்கொண்டே இருந்தாள். எவ்வளவு நேரமோ. பிறகு படுக்கை வெளியே வழுக்கி வந்தது. அந்தப் பெண் கண்கட்டை அவிழ்த்தாள். வெளிச்சம். தையற்காரி எழுந்து உட்கார்ந்தாள். குளிர்ந்த தரையில் கால் வைத்தாள். கதவை நோக்கி ஓடினாள். பாதத்தில் தரை அறைவது தெரிந்தது. கண்ணில் தெரிந்தது கூரை விளக்கு மட்டும்.

"சார், இவங்க கண்ணே சிமிட்டல."

"அவ அப்படித்தான்."

"இல்ல சார். கருவியை நிறுத்தி அரை மணி நேரம் ஆச்சு. கையை அசைக்கிற இடம் கடைசிப் படத்துலயும் எரிஞ்சுட்டே இருக்கு. அதுல காலும் சேந்துருக்கு. டாக்டரைக் கூப்பிட்டுருவோம்."

தம்பி நெடுநேரம் திரையைப் பார்த்தான். பிறகு வந்து குனிந்து, அவள் கட்டைவிரல் நகத்தின்மேல் பேனாவை வைத்து அழுத்தினான். எலும்புவரை வலித்தது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். கை பேனாவுக்கு அடியிலேயே இருந்தது.

அவள் கண்ணிலிருந்து ஒரு சொட்டு காதோரம் இறங்கியது. அவன் பார்த்தான். அவன் முகம் மெல்ல மலர்ந்தது. கட்டைவிரலால் அதைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தான்.

"கண்ணைத் திறந்துட்டே தூங்கறா. பல்பை அமுக்கவே இல்லயே, அப்புறம் என்ன? நீங்க போய்ச் சாப்பிட்டு வாங்க. மீதியை நான் பாத்துக்கறேன்."

"சார்..."

"போயிட்டு வாங்கம்மா."

தயங்கித் தயங்கி செருப்புச் சத்தம் போனது. கதவு சாத்திக்கொண்டது.

"கேக்குதுன்னு தெரியும்க்கா," என்றான், தணிந்த குரலில். "இன்னும் ஒரே ஒரு தடவை. இந்த மாதிரி படம் யாருக்குமே கிடைச்சதில்ல." அவள் இமைகளை விரலால் மூடி, மேலே பிளாஸ்திரி ஒட்டினான். "திறந்தே வெச்சிருந்தா கண்ணு காஞ்சுடும்."

மணிக்கட்டிலிருந்து கருவியை அவிழ்த்தான். தலையைத் தூக்கி, முடியை ஒதுக்கி, பிடரியில் கட்டினான். காற்றுக் குழாயைச் செருகிப் பார்த்து, வார் இறுக்கமாக இருக்கிறதா என்று ஒரு விரல் விட்டுப் பார்த்தான்.

படுக்கை உள்ளே நகர்ந்தது.

காற்று சீறியது. பிடரியில் ஒரு துடிப்பு.

முகம் திரும்பியது. மோவாய் வலது தோளில் இடித்தது. நிற்கவில்லை.

தோளைத் தாண்டியது. மூக்கு விரிப்பில் புதைந்தது. இருட்டு. மூச்சு இல்லை.

இடது தோள் வந்தது.

மேலே வந்தது. ஒரு வாய் காற்று.

மறுபடி வலது தோள். இப்போது இன்னும் வேகமாக.